கொன்றை சொன்ன பொய்

குறுந்தொகையின் 66ஆம் பாட்டில் ஒரு தோழி கொன்றை மரத்தை முட்டாள் என்று திட்டுகிறாள். கார்காலத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் இன்னும் வரவில்லை. கொன்றையோ கொத்துக் கொத்தாகப் பூத்துவிட்டது. கொன்றை பூத்தால் கார் வந்துவிட்டது என்பது ஊருக்கே தெரிந்த கணக்கு. கார் வந்தும் ஆள் வரவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்பதும் தலைவிக்குத் தெரியும். அந்த அர்த்தத்தை ஒரு நாளாவது தள்ளிப்போடத் தோழி ஒரு வழி கண்டுபிடிக்கிறாள். இது கார் இல்லை, பருவம் தப்பிப் பெய்த ஏதோ மழை. இந்த மரங்களுக்கு விவரம் பத்தாது, அதையே கார் என்று நம்பிப் பூத்துவிட்டன.

கல்லூரியில் இந்தப் பாட்டை எங்களுக்கு 'தோழியின் சமயோசிதம்' என்று நடத்தினார்கள். நானும் பத்து வருஷம் அப்படியேதான் வைத்திருந்தேன். இப்போது படிக்கையில் வேறொன்று கண்ணில் படுகிறது. தோழி சொல்வது பொய்யாகவே இருக்கட்டும். அந்தப் பொய் எடுபட வேண்டுமென்றால், கேட்கிறவளுக்கு ஒரு அனுபவம் இருந்தாக வேண்டும். மரம் தப்பாகப் பூக்கும், மழை ஏமாற்றும், அறிகுறி பொய்க்கும் என்ற அனுபவம். அது அந்த ஊரில் நடக்கவே நடக்காத விஷயமென்றால் தோழி வாயைத் திறந்திருக்கவே முடியாது. அப்படிப் பருவம் தப்பிப் பெய்யும் மழைக்கு வம்பமாரி என்று தனியாகப் பெயரே இருந்திருக்கிறது. அடிக்கடி நடக்கிற ஒன்றுக்குத்தான் மக்கள் பெயர் வைப்பார்கள்.

மழைக்குறிகளைப் பற்றி இன்று தமிழில் எழுதப்படுகிற பலவற்றின் மீதும் எனக்கிருக்கும் வருத்தம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. நம் எழுத்தில் கொன்றை பொய் சொல்வதே இல்லை.

*

மழைக்காலம் ஆரம்பித்ததும் உங்கள் கைப்பேசிக்கும் அந்தச் செய்தி வந்திருக்கும். 'எறும்பு முட்டை தூக்கினால் மழை. தட்டான் தாழப் பறந்தால் மழை. நிலாவைச் சுற்றி வட்டம் கட்டினால் மழை. இதையெல்லாம் செயற்கைக்கோள் இல்லாமலே கண்டுபிடித்த இனம் நம் இனம்.' கீழே கைகூப்பும் பொம்மை இரண்டு. அதன் பின்னால், ஆண்டாள் கடலில் நீர் முகந்து மேலேறும் மேகத்தைப் பாடியதால் நீர்ச்சுழற்சியைக் கண்டுபிடித்தவள் அவளே என்று இன்னொரு செய்தி வரும்.

திருப்பாவையின் நாலாவது பாசுரத்தை நிதானமாகப் படித்தால் வேறு விஷயம் தெரியும். ஆண்டாள் அங்கே மழையைக் கணிக்கவில்லை, மழைக்கு வேலை சொல்கிறாள். கடலுக்குள் போ, அள்ளிக்கொண்டு வா, அவன் உடம்பு மாதிரிக் கறுத்துக்கொள், சக்கரம் மாதிரி மின்னு, சங்கு மாதிரி முழங்கு, அம்பு மாதிரிப் பொழி. உத்தரவு போடுகிற ஒரு சிறு பெண்ணின் உரிமைதான் அந்தப் பாட்டின் உயிர். அதை ஆறாம் வகுப்பு அறிவியல் பாடமாக மாற்றினால் ஆண்டாளுக்கும் பெருமை இல்லை, அறிவியலுக்கும் பெருமை இல்லை.

இதற்கு எதிர்முகாமும் உண்டு. ஒவ்வொரு குறியாக எடுத்து இது சரி, இது தப்பு என்று மதிப்பெண் போடுகிறவர்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஈசல் பெரும்பாலும் மழை பெய்து மண் நனைந்த பிறகுதான் கிளம்பும். அப்படியானால் அது வரப்போகிற மழைக்கு அறிகுறி என்பதைவிட வந்த மழைக்குச் சாட்சி என்பதே சரி. நிலா வட்டம் உயரத்து மெல்லிய மேகத்தில் உள்ள பனித்துகள்களில் ஒளி வளைவதால் வருவது. அந்த மேகம் தூரத்துப் புயலிலிருந்து விரிந்து வந்ததாகவும் இருக்கலாம், வெறுமனே கடந்து போவதாகவும் இருக்கலாம். தட்டான் விஷயத்தில் ஒரு சுவாரசியம் உண்டு. இங்கே கூட்டம் கூட்டமாகப் பறக்கும் ஒரு தட்டான் இனம், பருவக்காற்றைப் பிடித்துக்கொண்டு மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரை போவதாக உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009இல் எழுதினார். காற்று மாறும்போது தட்டான் கூட்டம் வருவது தற்செயல் அல்ல.

சரி, இதெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் முதல் முகாமும் இரண்டாம் முகாமும் ஒரு விஷயத்தில் ஒன்றாகவே நிற்கின்றன. இரண்டு பேருக்குமே குறி என்பது ஒரு வாக்கியம். 'இது நடந்தால் அது நடக்கும்.' ஒருவர் டிக் போடுகிறார், ஒருவர் பெருக்கல் குறி போடுகிறார். அந்த வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன முடிவெடுத்தான், அந்த முடிவுக்கு என்ன விலை கொடுத்தான் என்பது இரண்டிலும் கிடையாது.

மூன்றாவதாக நாம் இருக்கிறோம். வட்டார வாழ்க்கையைக் கதையாக எழுதுகிறவர்கள், அதை விமர்சிக்கிறவர்கள். நம் கதைகளில் முதல் பத்தியில் எறும்பு சாரை போகும், நாலாவது பத்தியில் கிழவி வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள், கடைசிப் பத்தியில் பொத்துக்கொண்டு ஊற்றும். நாடகக் கொட்டகைத் திரைச்சீலையில் வரைந்த தென்னை மரம் போல எறும்பு அங்கே நிற்கிறது. கதாசிரியருக்கு மழை வரப்போவது முன்பே தெரியும். தெரிந்துகொண்டு எறும்பை அனுப்புகிறார். குறி பார்க்கிறவனுக்கோ அது தெரியாது. அவனுடைய முழு வாழ்க்கையும் அந்தத் தெரியாமையில்தான் நடக்கிறது.

*

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே. கரிசல், மானாவாரி. ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. புரட்டாசியில் புழுதி விதைப்பு விதைப்பார்கள். அதாவது மழைக்கு முன்னாலேயே, காய்ந்த மண்ணில் விதையைப் போட்டு மூடிவிடுவது. கரிசல் நனைந்துவிட்டால் ஏர் இறங்காது, ஆளே இறங்க முடியாது, கால் முழங்கால் வரைக்கும் அப்பிக்கொள்ளும். அதனால் மழை வருவதற்கு முன்னால் விதை மண்ணுக்குள் இருக்க வேண்டும். ரொம்ப முன்னால் போட்டால் எறும்பும் குருவியும் பொறுக்கிவிடும். பிந்தினால் ஈரத்தைத் தவறவிடுவோம். இந்தச் சில நாள் இடைவெளிக்குள் கையில் இருக்கும் விதை முழுவதையும் மண்ணில் போடுகிற சூதாட்டம் அது. அந்த ஆட்டத்தில் கண்ணுக்குக் கிடைக்கிற ஒரே சீட்டு, குறி.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தா என்னைக் கூப்பிட்டுச் சுவரைக் காட்டினார். "பாருய்யா, முட்டையத் தூக்கிக்கிட்டு மேல ஏறுது." வெள்ளை வெள்ளையாக அரிசி நொய் மாதிரி முட்டையைக் கவ்விக்கொண்டு எறும்புகள் வரிசையாக உத்தரத்துக்கு ஏறிக்கொண்டிருந்தன. ராத்திரி ஈசான மூலையில் மின்னியது. சத்தமே இல்லாத மின்னல். மறுநாளும் மின்னியது. மூன்றாம் நாள் தாத்தா உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்தார்.

மழை வந்தது. எறும்பு பொய் சொல்லவில்லை. ஒரே ஒரு மழை. புழுதி அடங்கி, மண் வாசம் கிளம்பி, விதை முளைவிடுகிற அளவுக்கு மட்டும் பெய்தது. தாத்தா அன்றைக்கு ரெண்டு காப்பி குடித்தார். நாலைந்து நாளில் வரிசையாகப் பச்சை தெரிந்தது. அப்புறம் வானம் வெளுத்துவிட்டது. ஐப்பசி பாதி வரைக்கும் ஒரு சொட்டு இல்லை. முளைத்தது அத்தனையும் கண்ணுக்கு முன்னாலேயே கருகியது. மழையே பெய்யாமல் இருந்திருந்தால் விதை மண்ணுக்குள் கிடந்து பின்னால் வந்த மழையில் கொஞ்சமாவது முளைத்திருக்கும். பெய்த மழைதான் கெடுத்தது. கொன்றையைத் திட்டிய அந்தத் தோழிக்கு இது புரிந்திருக்கும்.

இரண்டாவது விதைப்புக்கு விதை வாங்கப் பாட்டியின் பாம்படம் போனது. அதற்குப் பிறகு பாட்டியின் காது சாகிறவரைக்கும் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தொங்கும் காதை நான் ரொம்ப நாள் வேடிக்கையாக இழுத்து விளையாடியிருக்கிறேன். அதன் கதை தெரியாமல்.

தாத்தா எறும்பைத் திட்டவில்லை. அம்மா ஒருநாள் கோபத்தில், "எறும்ப நம்பி வெதைச்சா இப்பிடித்தான்" என்று சொன்னபோது தாத்தா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அது பொய் சொல்லலம்மா. அது அதோட வீட்டுக்குப் பயந்து போச்சு. எனக்குச் சொல்லுதுன்னு நான்தான நெனச்சேன்."

*

தாத்தாவின் அந்த வார்த்தையோடு முல்லைப்பாட்டுக்குப் போகலாம். அங்கேயும் ஒரு மழைக்கால மாலை. போருக்குப் போனவன் வரவில்லை. வீட்டு முதிய பெண்கள் ஊர்ப்புறத்துக்குப் போய், நெல்லும் பூவும் தூவிக் கும்பிட்டுவிட்டு, யாராவது எதேச்சையாக என்ன பேசுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதற்கு விரிச்சி கேட்டல் என்று பெயர். குளிருக்குத் தோளைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஓர் இடைப்பெண், தாயைக் காணாமல் தவிக்கும் கன்றைப் பார்த்து, உன் அம்மாக்கள் இப்போது வந்துவிடுவார்கள் என்கிறாள். முதியவர்கள் அதை எடுத்துக்கொண்டு தலைவியிடம் ஓடிவருகிறார்கள். நல்ல வார்த்தை கேட்டோம், அவன் வந்துவிடுவான்.

அந்தப் பெண் பேசியது கன்றோடு. இந்த வீட்டைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியாது. எறும்பு பயந்தது தன் முட்டைக்கு. தாத்தாவின் ஐந்து ஏக்கரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. யாருக்கோ சொன்னதைத் தனக்கு என்று எடுத்துக்கொள்கிற அந்த ஏக்கம்தான் குறி பார்த்தலின் அடியில் இருப்பது. முல்லைப்பாட்டில் அவன் வந்துவிடுகிறான். ஆனால் நல்வார்த்தையைக் கேட்டுத் தலைவி ஆறுதல் அடைவதில்லை, கண்ணீர் விடுகிறாள். அவள் அழுவதால்தான் அது இலக்கியம். குறி கேட்டதும் அவள் சிரித்திருந்தால் அது வாட்ஸ்அப் செய்தி.

குறுந்தொகை 21ஐயும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே தலைவியே பேசுகிறாள். காடு முழுக்கக் கொன்றை பூத்து இது கார்தான் என்று சொல்கிறது. அவளோ நான் நம்பமாட்டேன் என்கிறாள். ஏனென்றால் அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஒரு பக்கம் ஒரு காடே சாட்சி சொல்கிறது. மறுபக்கம் ஒரே ஒரு மனிதன் கொடுத்த வாக்கு. அவள் காட்டைப் பொய்யாக்கி அவனை மெய்யாக்குகிறாள். இதைவிடப் பெரிய காதல் வாக்குமூலம் எனக்குத் தெரிந்து கிடையாது. குறி பொய்க்கக்கூடியது என்ற அறிவு இல்லாத சமூகத்தில் இந்தப் பாட்டு எழுதப்பட்டிருக்கவே முடியாது.

தமிழில் 'குறி' என்ற சொல்லே இதை வைத்திருக்கிறது. அடையாளமும் குறிதான், எய்யும் இலக்கும் குறிதான், கோடாங்கி சொல்வதும் குறிதான். குறி பார்த்தான் என்றால் கூடவே குறி தப்பியது என்ற பேச்சும் வரும். சொலவடைகளுக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும் என்று ஒன்று அடித்துச் சொல்கிறது. அந்தி ஈசல் பூத்தால் அடைமழைக்கு அச்சாரம் என்று இன்னொன்று கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பேசுகிறது. அச்சாரம் கொடுத்த வியாபாரமெல்லாம் முடிந்துவிடுவதில்லை என்பது சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

*

அடுத்த கேள்வி, குறி யாருடையது?

சங்கப் புறப்பாடல்களில் மழைக்குறி பெரும்பாலும் அரசன் வீட்டு வாசலில் நிற்கிறது. வெள்ளிக்கோள் தெற்கே நகர்ந்தால் மழை பொய்க்கும் என்பது அக்கால நம்பிக்கை. பட்டினப்பாலை அதை வைத்துத்தான் தொடங்குகிறது. வெள்ளி திசை மாறி மழை பொய்த்தாலும் காவிரி பொய்க்காது. புறநானூறு 117இல் கபிலர் பாரியின் நாட்டைப் பற்றி இதே அச்சில் பாடுகிறார். சனி புகைந்தாலும், வால்நட்சத்திரம் தோன்றினாலும், வெள்ளி தெற்கே ஓடினாலும் அவன் நாட்டில் வயல் விளையும். குறி இங்கே வருவது தோற்பதற்காக. அரசனின் பெருமை, குறியை வென்றது என்று காட்டத்தான் அது அழைத்துவரப்படுகிறது.

ஆனால் 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் அதே வெள்ளியை வைத்துக்கொண்டு வேறு வேலை செய்கிறார். வெள்ளி தெற்கே போனாலும் காவிரி ஊட்டும் நாடு உன்னுடையது என்று சோழன் கிள்ளிவளவனைப் புகழ்ந்துவிட்டு, மழை பொய்த்தாலும் விளைச்சல் குறைந்தாலும் இந்த உலகம் ஆள்கிறவர்களைத்தான் பழிக்கும் என்கிறார். அவர் வந்த வேலை, நிலவரியைத் தள்ளுபடி செய்ய வைப்பது. வரி தள்ளுபடி ஆனது என்று பாட்டின் குறிப்பு சொல்கிறது. வானத்தைக் காட்டி அரண்மனையில் காரியம் சாதித்த முதல் விவசாய மனு என்று இதைச் சொல்லலாம். வானம் அரசியல் ஆனது நேற்றைக்கு அல்ல.

இந்த வரிசையில் குறி மண்ணுக்கு இறங்கிவந்து, வேலை செய்கிறவன் கண்ணால் பார்க்கப்படுவது முக்கூடற்பள்ளில். தாமிரபரணியும் சிற்றாறும் கூடும் சீவலப்பேரிப் பக்கத்து வயல்கள். எழுதியவர் பெயர் தெரியாது. பள்ளர் குடியினர் ஆற்றில் நாளை வெள்ளம் வரப்போகிறது என்று குறி பார்த்துச் சொல்கிற ஒரு பாட்டு அதில் உண்டு. பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். மலையாளத்துப் பக்கமும் மின்னுகிறது, ஈழத்துப் பக்கமும் மின்னுகிறது. நேற்றும் இன்றும் காற்று கிளைகளைச் சுற்றிச் சுற்றி அடிக்கிறது. கிணற்றுத் தவளை கூப்பிடுகிறது. நண்டு சேற்றைக் கொண்டு தன் வளையை அடைக்கிறது. வானம்பாடிகள் ஆடுகின்றன.

இதில் என்னைக் கவர்வது வரிசை. முதலில் வானத்தின் இரண்டு எல்லைகள். பிறகு கிளை, கிணறு, கடைசியில் காலடிச் சேற்றில் ஒரு நண்டு. நண்டைப் பார்த்தபின் கண் மறுபடி வானம்பாடிக்கு ஏறுகிறது. ஒரே ஒரு குறியை அவர்கள் நம்பவில்லை. ஐந்தாறு சாட்சிகளை விசாரிக்கிறார்கள். அதிலும் மலையாள மின்னலும் ஈழ மின்னலும் சேர்ந்து வருவது அலங்காரம் இல்லை. தாமிரபரணி பொதிகையில் பிறந்து, தென்மேற்குப் பருவமழையிலும் வடகிழக்குப் பருவமழையிலும் நீர் பெறும் ஆறு. அந்த ஆற்றுக்காரனுக்கு மேற்கையும் பார்க்க வேண்டும், தென்கிழக்கையும் பார்க்க வேண்டும். இடிச்சத்தம் இருபது கிலோமீட்டர் தாண்டினால் கேட்பதே அரிது. இரவில் உயரமான மேகத்தின் மின்னல் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரியும். சத்தமில்லாத மின்னலைப் பார்த்து, இன்னும் வந்துசேராத தண்ணீரைக் கணக்குப் போடுகிறார்கள். இங்கே மழை பெய்யுமா என்பது அவர்கள் கேள்வியே இல்லை. மலையில் பெய்தது எப்போது வயலுக்கு வரும் என்பதுதான் கேள்வி.

ஆனால் இந்தப் பாட்டைப் பாடப்புத்தகத்தில் வைத்து 'பண்டைத் தமிழர் வானிலை அறிவு' என்று தலைப்புக் கொடுத்ததோடு நாம் எழுந்து போய்விடுகிறோம். அதே நூலில் கொஞ்சம் தள்ளிப் போனால், இதே குடியின் தலைவனைப் பண்ணைக்காரன் தொழுவில் மாட்டி வைக்கிறான். அவனுடைய இரண்டு மனைவிகளின் சண்டை கேட்பவர்களுக்கு வேடிக்கையாக விரிகிறது. நிலம் அழகர் கோயிலுடையது, கணக்குப் பண்ணைக்காரனுடையது. வானம் மட்டும் இவர்களுடையது. இவ்வளவு துல்லியமாக வானத்தையும் நண்டையும் படிக்கத் தெரிந்த மனுஷனுக்குக் காலில் கட்டை. 'தமிழர் அறிவு' என்று மொத்தமாகப் பெருமைப்படும்போது நாம் மறைப்பது இதைத்தான். அந்த அறிவு யாருக்கு இருந்ததோ அவர்களுக்கு நிலம் இருக்கவில்லை. நிலம் வைத்திருந்தவர்களுக்கு நண்டு வளையைக் குனிந்து பார்க்கும் அவசியம் இருக்கவில்லை.

நிலம் வைத்திருந்தவர்களுக்குப் பஞ்சாங்கம் இருந்தது. சித்திரை முதல் நாள் கோயிலில் உட்கார்ந்து, இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு இவ்வளவு பங்கு, மலைக்கு இவ்வளவு, நிலத்துக்கு இவ்வளவு என்று வாசிப்பார்கள். மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் இருக்கும் பதினான்கு நாளையொட்டிய கர்ப்போட்டமும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். அந்நாட்களில் மேகம் சூல்கொள்ளும், அது பின்னால் மழையாகப் பிறக்கும் என்பது கணக்கு. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருஹத் சம்ஹிதையில் இந்தச் சூலுக்கு 195 நாள் என்று எழுதிவைத்தார். அழகான கற்பனை. மேகத்துக்கும் ஒரு பேறுகாலம். ஆனால் அது வருஷத்துக்கு ஒருமுறை, ஒரே வாயால் சொல்லப்படுவது. நண்டு தினமும் சொல்வது. தப்பினால் நண்டைப் பார்த்தவன் நாளைக்கு மறுபடி பார்ப்பான். பஞ்சாங்கம் அடுத்த சித்திரை வரைக்கும் மாறாது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி 'முன்னோர் அறிவு' என்று சொல்வது இரண்டையுமே புரிந்துகொள்ளாதது.

*

2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த மாவட்டம் சராசரியாக ஒரு வருஷத்தில் பெறும் மழையைவிட அதிகம் அது. இருபது சென்டிமீட்டரைத் தாண்டினால் வானிலை ஆய்வு மையம் 'அதிகனமழை' என்கிறது. அதற்கு மேல் அவர்களிடம் வார்த்தை இல்லை. முக்கூடற்பள்ளின் அதே தாமிரபரணி அன்றைக்கு ஊர்களுக்குள் புகுந்தது. நான் சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கு விடாமல் போன் போட்டுக்கொண்டிருந்தேன். யாருக்கும் கிடைக்கவில்லை.

அந்த ராத்திரி முழுக்க எனக்கு அந்த நண்டின் நினைவாகவே இருந்தது. நண்டு வளையை அடைத்திருக்குமா? அடைத்திருந்தாலும் அதற்கு 95 சென்டிமீட்டர் தெரியுமா? பழைய குறிகளில் 'வரும்' உண்டு, 'எவ்வளவு' கிடையாது. அவை ஏற்கெனவே பெய்து பழகிய மழைக்குள் பார்த்துத் தேர்ந்தவை. வழக்கமே மாறிவிட்டால் அவற்றால் என்ன செய்ய முடியும்? ஆகவே எறும்பை நம்புங்கள், ராடாரை நம்பாதீர்கள் என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அது வெறும் ரசனைக் குறைவு இல்லை. அதை நம்பி ஆற்றோரம் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதே நேரம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்றைய வானிலை அறிவிப்பு பேசுவதும் நிச்சயத்தின் மொழியில் அல்ல. 'ஓரிரு இடங்களில் பெய்யக்கூடும்.' நாம் அதைக் கேலி செய்கிறோம். மழை வரும் என்று சொன்னார்கள், வரவில்லை, பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள், வெயில் அடிக்கிறது. மீம் போடுகிறோம். 'கூடும்' என்ற சொல்லோடு வாழத் தெரியாதவர்களாக ஆகிவிட்டோம். தாத்தாவுக்கு அந்தச் சொல்லோடு வாழத் தெரிந்திருந்தது. தப்பிய பிறகும் அவர் எறும்பைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. அதற்கு அடுத்த வருஷமும் பார்த்தார். ஆனால் விதையில் பாதியைப் பானையில் நிறுத்தி வைத்துக்கொண்டார். பாம்படம் கொடுத்து வாங்கிய அறிவு அது. எந்தச் சொலவடையிலும் அது இல்லை.

*

எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. கட்டளை இல்லை, நானும் இதே தப்பைச் செய்தவன்தான். என் பழைய கதை ஒன்றில் எறும்பு ஏறும், மழை பெய்யும், தாத்தா சிரிப்பார். பாராட்டினார்கள். பாட்டியின் காதை நான் அதில் எழுதவில்லை. மண்ணின் மணத்தை எழுதினேன் என்றார்கள். மண்ணின் மணம் கிளம்புகிற அளவுக்கு மட்டும் பெய்த மழை எங்களை என்ன செய்தது என்று எனக்குத் தெரிந்திருந்தும் அதை எழுதவில்லை. குறியைக் காப்பாற்றிவிட்டுத் தாத்தாவைக் கைவிட்டேன்.

கரிசலை எழுத்துக்குக் கொண்டுவந்த கி. ராஜநாராயணன் அந்த மண்ணின் பேச்சுக்கு ஓர் அகராதியே செய்தார். அவருக்குப் பின்னால் வந்த நமக்குச் சொற்கள் சுலபமாகக் கிடைத்துவிட்டன. சுலபமாகக் கிடைத்ததால் அவற்றைத் தோரணமாகக் கட்டுகிறோம். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு விதைப்பு இருக்கிறது. அதில் பாதி கருகியிருக்கும். அடுத்த முறை உங்கள் கதையில் எறும்பு சுவரேறினால் தயவுசெய்து மழையை உடனே அனுப்பிவிடாதீர்கள். எழுதுகிற உங்களுக்கே தெரியாமல் இருக்கட்டும். அந்த மனுஷன் விதைப் பானையைத் திறந்துவைத்துக்கொண்டு, கையை உள்ளே விட்டபடி எவ்வளவு அள்ளுவது என்று யோசிக்கும் அந்த நிமிஷத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.

போன புரட்டாசியில் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் பழைய வீட்டுச் சுவரில் இப்போது வழவழப்பான பெயிண்ட். கிணற்றை மூடிவிட்டதால் தவளைச் சத்தம் இல்லை. ராத்திரி மொட்டை மாடியில் படுத்திருந்தபோது ஈசான மூலையில் ஒரு மின்னல். சத்தமில்லை. பக்கத்தில் படுத்திருந்த சித்தப்பா கைப்பேசியை எடுத்து ராடார் படத்தைத் திறந்தார். சிவப்பும் மஞ்சளுமாக ஒரு திட்டு கடலுக்கு மேலே நின்றது. "வருமா சித்தப்பா?" என்றேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படத்தை மூடிவிட்டு வானத்தைப் பார்த்தார்.

"பாதி வெதைப்போம்" என்றார்.